தட்டிக்கு அந்தப் பக்கச் சிரிப்பு

என் மச்சினன் டிவியில் பிரபலமானதற்கு நான்தான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாராட்டுகிறார்களாம். அதைக் கேட்கும்போதெல்லாம் என் வயிறு எப்படி எரிகிறது என்று எனக்குத்தான் தெரியும்.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு ஒரு நாள், ஊர் படுக்கப் போகிற நேரத்தில் எங்கள் நகைச்சுவை நிகழ்ச்சி வரும். குட்டிக் குட்டி நாடகங்கள், ஒன்று முடிந்தால் இன்னொன்று. ஒளிபரப்பு அகாலத்தில் என்றாலும் சாயங்காலமே ஆட்களை உட்கார வைத்து எடுத்துவிடுவோம். வந்து உட்கார்ந்ததும் யாரும் சிரித்துவிட மாட்டார்கள். பஸ்ஸில் இடிபட்டு, வாசலில் கால் கடுக்க நின்று, பையைச் சோதனைக்குக் கொடுத்து, உள்ளே வந்தால் ஏசிக் குளிர். கடன் கேட்க வந்தவனைப் பார்க்கிற மாதிரி மேடையைப் பார்ப்பார்கள். அவர்களைப் பேசிப் பேசி இளக்கி, சிரிப்புக்குத் தயாராக்கி உள்ளே இருக்கிற நடிகர்களிடம் ஒப்படைப்பது என் வேலை. ஒரு நாடகம் முடிந்து மேடையை மறைக்கிற தட்டிகளை மாற்றுகிற இடைவெளியிலும் நான் மைக்கோடு ஓட வேண்டும். கேமரா ஓட ஆரம்பித்ததும் நான் ஓரத்துக்குப் போய்விட வேண்டும். ஸ்டுடியோவில் எனக்குப் பெயர் அடுப்பு. "அடுப்பைப் பத்த வைங்கப்பா" என்று ஃப்ளோர் மேனேஜர் கத்தினால் நான் ஓடுவேன்.

ஒவ்வொரு சீசன் முடிவிலும் எங்கள் தயாரிப்பாளர் மேடம் என் தோளைத் தட்டி, "அடுத்த சீசன்ல உங்கள உள்ள கொண்டு வந்துடலாம்" என்பார். உள்ளே என்றால் தட்டிக்கு உள்பக்கம், நடிகர்களோடு. அடுத்த சீசன் வரும், அதே மைக் வரும். மேடம் பொய் சொல்கிறவர் இல்லை. மறந்துபோகிறவர், அவ்வளவுதான். ஆனால் மறக்கப்படுகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்த லட்சணத்தில் என் மனைவியின் தம்பி வேலையை விட்டுவிட்டு எங்கள் வீட்டு ஹாலில் வந்து படுத்தான். செல்போன் கடையில் கவர் விற்றுக்கொண்டிருந்தவன். முதலாளியோடு சண்டை. என் மனைவி எங்கள் ஸ்டுடியோவிலேயே உடைப் பிரிவில் இருக்கிறாள். நடிகர்களுக்குத் துணி அளவெடுத்து, தைத்து, பிரித்து, மறுபடி தைக்கிற வேலை. "தம்பி வீட்ல சும்மாதானே கெடக்கான், ஒரு நாள் கூட்டிட்டு வாங்களேன், மனசு மாறும்" என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அன்றைக்குப் பார்த்து ஒரு துணை நடிகர் வரவில்லை. ஒரு நாடகத்தில் நடுக்கூடத்தில் கிடக்கிற பிணமாக ஆள் தேவைப்பட்டது. "இவன் சும்மாதான் இருக்கான்" என்று நானே கையைப் பிடித்து இழுத்துக்கொடுத்தேன். சொத்துக்காக ஒப்பாரி வைக்கிற காட்சி. ஒப்பாரியின் நடுவில் பிணம் மெதுவாகக் கையைத் தூக்கி மூக்கைச் சொறிந்துவிட்டு, ஏதோ தப்புச் செய்துவிட்டவன் போல ஒற்றைக் கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்து, மறுபடி செத்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மேடம் அந்த இடத்தை வெட்டவில்லை. அடுத்த வாரம் அவனுக்கு வசனமே கொடுத்துவிட்டார்கள். அதிலிருந்து அவனுக்குப் பெயர் பொணம். டீ கொடுக்கிறவர்கூட "பொணம் சாருக்கு சர்க்கரை கம்மி" என்று நினைவு வைத்துக்கொண்டு கொடுத்தார். எனக்குச் சர்க்கரை எவ்வளவு என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

வீட்டிலாவது நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. என் பெண்ணுக்குத் தூங்கப் போகும்போது கதை சொல்வது நான்தான். ஒரு நாள் நான் கதையை ஆரம்பித்ததும் அவள் சொன்னாள்:

"மாமா மாதிரி சொல்லுப்பா. மாமா சொன்னா ராஜாவுக்கு விக்கல் வரும்."

அன்றிலிருந்து கதை சொல்கிற வேலையும் பொணத்துக்குப் போனது. நான் ஹாலில் உட்கார்ந்து, கதவுக்கு அந்தப் பக்கம் என் பெண் சிரிக்கிறதைக் கேட்டுக்கொண்டு, பேப்பரில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

சரி, இவன் கெட்டவனாகவாவது இருந்தால் தேவலை. திட்டுவதற்கு வசதியாக இருக்கும். "அத்தான், அந்த வசனத்த எப்படிச் சொல்லலாம்?" என்று ஒவ்வொரு வாரமும் என்னிடம்தான் வந்து நிற்பான். சொல்லிக்கொடுக்க மாட்டேன் என்று சொல்லவும் முடியாது, அக்காக்காரி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். நான் சொல்லிக்கொடுப்பேன். அவன் அதைச் செய்வான். நான் சொன்னதைவிட நன்றாகச் செய்வான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சீசன் முடிய இன்னும் சில வாரங்கள் இருக்கும்போது குழுவில் மூத்த நடிகர் விலகுவதாகச் சொன்னார். அவரை நாங்கள் பெரியவர் என்போம். குழுவில் நிரந்தர இடங்கள் குறைவு. என் மச்சினன்கூட அந்தந்த வாரத்துக்குக் கூப்பிடப்படுகிறவன்தான். இப்போது ஓர் இடம் காலி. கடைசி நிகழ்ச்சி முடிந்ததும் யாரை எடுப்பது என்று முடிவு செய்வேன் என்றார் மேடம். சொல்லும்போது என்னையும் பார்த்தார், அவனையும் பார்த்தார்.

"யாருக்குக் கெடச்சா என்ன, எப்படியும் நம்ம வீட்டுக்குத்தான வருது" என்றாள் என் மனைவி.

"ஒரு ஆள் தூங்கினா வீட்ல எல்லாரும் தூங்கின மாதிரி ஆகிடுமா?" என்று கேட்டேன். அவள் ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டாள்.

எங்கள் ஸ்டுடியோவில் ஒரு வழக்கம். வார ஆரம்பத்தில் பெரிய மேஜையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து, எழுதி வந்த நாடகங்களை உரக்கப் படிப்பார்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம். தேறுகிற நாடகங்களைப் படப்பிடிப்பு நாள் மதியம் ஒரு கூட்டத்துக்கு முன்னால் ஒத்திகையாக நடித்துப் பார்ப்போம். அதில் சிரிப்பு வராததைத் தூக்கிவிட்டு, மிச்சத்தைச் சாயங்காலம் வேறொரு கூட்டத்துக்கு முன்னால் எடுப்போம். மதியக் கூட்டம் சிரிக்காவிட்டால் நாடகம் செத்தது. மேல்முறையீடு கிடையாது.

கடைசி வாரத்துக்கு நானும் ஒன்று எழுதினேன். பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வருகிற ஆள். போட்டோக்காரர் "சிரிக்காதீங்க" என்கிறார். சிரிக்காதே என்று சொன்னதாலேயே அவனுக்குச் சிரிப்பு வருகிறது. அடக்குகிறான். அடக்க அடக்க முட்டிக்கொண்டு வருகிறது. அவ்வளவுதான் கதை. வசனம் கொஞ்சம், எல்லாம் முகத்தில். அந்த ஆளை நான் எனக்காகவே எழுதினேன். கண்ணாடி முன்னால் நின்று கன்னத்தை உப்பி உப்பிப் பழகி, தாடையே வலித்தது.

மேஜையில் படித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இது உண்டு. போட்டோக்காரர் பெரியவர். உக்காந்திருக்கறவன்…" சுற்றிப் பார்த்தார். "பொணம் பண்ணட்டும்."

"மேடம், அது நான்…" என்று ஆரம்பித்தேன்.

"நீங்க உள்ள வந்துட்டா வெளிய கூட்டத்த யாரு பாத்துக்கறது?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதனால் இன்னும் அதிகமாக எரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சினன் என் முட்டியைத் தட்டி, "சூப்பரா எழுதியிருக்கீங்க அத்தான்" என்றான். அந்தக் கையை அப்படியே திருகி அவனிடமே கொடுத்துவிடலாம் போல இருந்தது.

வாரம் முழுக்க யோசித்தேன். அவன் இதைச் செய்தால் இடம் அவனுக்குத்தான், சந்தேகமே இல்லை. என் நாடகத்தின் மேல் ஏறி நின்று என் இடத்தை எடுத்துக்கொள்வான். அவனுக்கு நான் ஏணி பிடிக்க வேண்டும், அதுவும் மைக்கோடு.

என் வேலையில் ஒரு ரகசியம் உண்டு. கூட்டத்தைச் சிரிக்க வைப்பது பெரிய விஷயம் இல்லை, எப்போது விடுவது என்பதுதான் விஷயம். சிரிப்பும் மூச்சு மாதிரிதான், இழுக்க இழுக்கத் தீரும். என்னிடம் ஓர் ஐட்டம் இருக்கிறது. மனிதர்கள் சிரிக்கிற விதங்களை ஒவ்வொன்றாகச் செய்து காட்டுவேன். ஸ்டார்ட் ஆகாத மோட்டார் பைக் மாதிரி சிரிக்கிறவர். சிரிக்கும்போது பக்கத்து ஆளின் தொடையில் அறைகிறவர். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு "என்னவாம்?" என்று கேட்டுவிட்டுத் தனியாகச் சிரிக்கிறவர். சத்தமே வராமல் தோள் மட்டும் குலுங்குகிற அம்மா. இதை எல்லாம் முடிந்து கூட்டத்தை வழியனுப்பும்போது மட்டும்தான் செய்வேன். முன்னால் செய்தால் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிடும், அதற்கப்புறம் அரைமணி நேரத்துக்கு யார் என்ன செய்தாலும் சிரிப்பு வராது. இது மேடத்துக்கே தெரியாது. யாரும் கேட்டதில்லை, நான் சொன்னதில்லை.

ஒத்திகை நாள் மதியம், போட்டோ நாடகத்துக்குத் தட்டிகளை மாற்றும்போது மைக்கை எடுத்தேன். அந்த ஐட்டத்தைச் செய்தேன்.

என் வாழ்நாளில் அப்படிச் செய்ததில்லை. மோட்டார் பைக்கிலேயே முன்வரிசை சிரித்துச் சாய்ந்துவிட்டது. தொடை அறைகிறவரைச் செய்தபோது ஒருவர் நாற்காலியிலிருந்து கீழே இறங்கி உட்கார்ந்துவிட்டார். "போதும் சார், போதும்" என்று ஒரு பெண் கையெடுத்துக் கும்பிட்டாள். தட்டி தயார் என்று ஃப்ளோர் மேனேஜர் கையைக் காட்டினான். நான் பார்க்காத மாதிரி தோள் குலுங்குகிற அம்மாவையும் செய்து முடித்தேன். யார் என்னைக் குறை சொல்ல முடியும்? கூட்டத்தைச் சிரிக்க வைக்கத்தானே வைத்திருக்கிறார்கள்? வைத்தேன்.

நாடகம் ஆரம்பித்தது. என் மச்சினன் ஸ்டூலில் உட்கார்ந்தான். பெரியவர் "சிரிக்காதீங்க" என்றார். அவன் கன்னம் உப்பியது, உதடு துடித்தது, காது சிவந்தது. அற்புதமாகச் செய்தான், பாவி. கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து, ஒருவரை ஒருவர் பார்த்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பு பற்றிய எல்லாவற்றையும் அவர்கள் இப்போதுதான் பார்த்து முடித்திருந்தார்கள். ஓர் ஆள் தன்னந்தனியாக மேடையில் சிரிக்கிறான், எதிரே நூற்றுக்கணக்கான பேர் சும்மா பார்க்கிறார்கள். அதைவிடக் கொடுமையான காட்சி எங்கள் தொழிலில் இல்லை. எனக்கு உள்ளே குளுகுளு என்று இருந்தது. இருந்தது என்றால் இருந்ததுதான், மறைக்க என்ன இருக்கிறது.

ஒத்திகை முடிந்து மேடம் அறையில் கூடினோம். சுவரில் நாடகங்களின் பெயர் அட்டைகளைக் குத்தி வைத்திருப்பார்கள். மேடம் நேராகப் போய் என் அட்டையைப் பிடுங்கினார்.

"மேஜைல சிரிச்சோம். மேடைல ஒண்ணும் இல்ல. எழுத்துல சரக்கு இல்ல, வேறென்ன. பையன் உயிரக் குடுத்துப் பண்ணான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் கணக்கை நான் போடவே இல்லை. அவனுக்கு வைத்த குழியில் என் எழுத்து விழுந்து கிடந்தது, அவன் மேலே நின்று தூசியைத் தட்டிக்கொண்டிருந்தான். எழுத்தில் குறை இல்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன்?

"எழுத்து நல்லாத்தான் மேடம் இருக்கு" என்றது ஒரு குரல். என் மச்சினன். "நான்தான் சரியாப் பண்ணல. இது அத்தான் மூஞ்சிக்கு எழுதினது. வீட்ல கண்ணாடி முன்னாடி செஞ்சு பாத்துட்டு இருந்தாரு, நான் எட்டிப் பாத்தேன். தனியா நின்னு சிரிச்சேன். சாயங்காலம் அவரே பண்ணட்டும்."

அறையில் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். எப்படிப்பட்ட மனசு என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். இதிலும் நல்ல பேர் அவனுக்குத்தான். எனக்காகப் பேசுகிறவன்மேல் அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

"அப்ப வெளிய?" என்றார் மேடம்.

"வெளிய நான் பாத்துக்கறேன். அத்தான் பண்றத வாராவாரம் பாக்கறேன்ல."

மேடம் கொஞ்சம் யோசித்துவிட்டு அட்டையைத் திரும்பக் குத்தினார். கடைசி நிகழ்ச்சி, போனால் போகட்டும் என்று நினைத்திருப்பார்.

அவனுக்குத் தைத்த சட்டை என் உடம்பில் ஏற மாட்டேன் என்றது. என் மனைவி கத்திரிக்கோலால் முதுகுப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை வெட்டி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இழுத்துப் பிடித்தாள். முன்னால் பார்த்தால் சட்டை, பின்னால் பார்த்தால் பனியன்.

"என்ன ஆனாலும் ஆடியன்ஸுக்கு முதுகக் காட்டாதீங்க" என்றாள்.

"உன் தம்பி மனசுல என்ன வெச்சிருக்கான்?"

"ஏன், என்ன?"

"சும்மா கேட்டேன்."

அப்போது அவன் மைக்கோடு வந்தான். அக்கா ஊசி எடுக்க உள்ளே போனதும் என் பக்கம் குனிந்து மெல்லிய குரலில் சொன்னான்:

"மத்தியானம் நீங்க கொஞ்சம் ஜாஸ்தியா ஓட்டிட்டீங்க அத்தான். அதான் அவங்களுக்கு மூச்சு இல்ல. நான் எங்க நிறுத்தணும்னு சொல்லுங்க."

கண்ணில் குத்தல் இல்லை, உதட்டில் சிரிப்பு இல்லை. ஒவ்வொரு வாரமும் வசனத்தைக் கேட்கிற அதே முகம். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மேடத்தின் அறையில் நின்றபோதே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டிருக்கிறான்.

"சிரிப்பு ஏறிட்டு இருக்கும்போதே விட்டுடு. உச்சிக்குப் போக விடாத. இன்னொண்ணு சொல்வான்னு அவங்க வாயத் தொறந்து பாத்துட்டு இருக்கணும், அப்ப மைக்கக் கீழ வெச்சுடு" என்றேன்.

"சரி அத்தான்" என்று போனான்.

தட்டிக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் அவன் குரல். முதல் சிரிப்பு வந்தது. இரண்டாவது அதைவிடப் பெரிதாக வந்தது. மதியம் நான் செய்ததை இவன் இப்போது செய்யப் போகிறான். ஏன் செய்யக் கூடாது? நான் அவன் இடத்தில் இருந்தால் செய்வேன். செய்தேனே! சிரிப்பு ஏறிக்கொண்டே போனது. யாரோ கையைத் தட்டினார்கள், யாரோ ஊளையிட்டார்கள். ஃப்ளோர் மேனேஜர் கையைத் தூக்கினான். என் மனைவி முதுகுக் கிளிப்பைச் சரிசெய்துகொண்டே, "எதுக்கு இப்படி வேர்க்குது உங்களுக்கு?" என்றாள். என்னை முடிக்கிறான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

சிரிப்பு நடுவில் நின்றது. அவன் குரலும் நின்றது. மைக்கை மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது. நூற்றுக்கணக்கான பேர் இன்னும் ஒன்று வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிற அமைதி இருக்கிறதே, அது எனக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் என்னாலேயே அதைச் சில நாள்தான் கொண்டுவர முடிந்திருக்கிறது.

தட்டி விலகியது. பெரியவர் "சிரிக்காதீங்க" என்றார். நான் இன்னும் கன்னத்தைக்கூட உப்பவில்லை, கூட்டம் வெடித்தது.

அந்தச் சீசனிலேயே அதுதான் பெரிய சிரிப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. உதட்டை அசைத்தால் சிரித்தார்கள், அசைக்காவிட்டாலும் சிரித்தார்கள். முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நண்டு மாதிரி நகர்ந்து வெளியே போனதற்கு எழுந்து நின்று கை தட்டினார்கள். ஓரத்தில் மைக்கோடு நின்ற மச்சினனும் தட்டினான்.

மேடம் அன்றைக்கே சொல்லிவிட்டார். பெரியவர் இடம் எனக்கு. "வெளிய ஆள் இல்லாமத்தான் உங்கள இத்தன நாள் உள்ள விடாம வெச்சிருந்தேன். இப்பதான் ஆள் கெடச்சாச்சே" என்றார். மச்சினனைப் பார்த்தேன். முகம் வாடியிருக்கும், அதைப் பார்த்தாலாவது மனசு ஆறும் என்று ஒரு நப்பாசை.

"எனக்கு வெளியதான் அத்தான் புடிச்சிருக்கு" என்றான். "உள்ள வெளிச்சத்துல ஒருத்தர் மூஞ்சியும் தெரியாது. வெளிய நின்னா ஒவ்வொருத்தரா மூஞ்சி மாறுறதப் பாக்கலாம். இத்தன வருஷம் இத எனக்குச் சொல்லாம மறச்சு வெச்சிருந்தீங்களே."

மறைக்கவில்லை. எனக்கு அது தெரியாது.

புதிய சீசன் தொடங்கியது. முதல் படப்பிடிப்பு நாளில், என் அளவுக்கே தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மேக்கப் கலைந்துவிடும் என்று யாரும் என் முகத்தைத் தொடவில்லை. டீ கொடுக்கிறவர் சர்க்கரை எவ்வளவு சார் என்று கேட்டுவிட்டுப் போனார். நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. தட்டிக்கு அந்தப் பக்கம் சிரிப்பு எழுந்தது. அவனிடம் எந்த ஐட்டமும் கிடையாது, யாரோ ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பில் அவசரம் இல்லை. வீட்டுக்கு வந்தவர்கள் சிரிக்கிற மாதிரி சிரித்தார்கள். எனக்கு வயிற்றில் பழைய இடத்திலேயே எரிந்தது.

காலரைச் சரிசெய்ய வந்த என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

"டிவில வர்ற ஆளு நீங்க. இன்னும் என்ன?"

"கேளு" என்றேன். "என்னைப் பாத்து அவங்க இப்படிச் சிரிச்சதே இல்ல."

அவள் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு காலரை மடித்து விட்டுச் சொன்னாள்:

"சிரிச்சாங்க. எத்தனையோ நாள் இதே இடத்துல நின்னு நான் கேட்டிருக்கேன். நீங்கதான் அப்ப, உள்ள என்ன நடக்குதுன்னு காதக் குடுத்துட்டு இருந்தீங்க."